பூ வியாபாரத்தில் முன்னேறுவது எப்படி?

நாய் விற்ற காசு குரைக்காது. பூ விற்ற காசு மணக்காது. இது பழமொழி. ஆனால், பூ விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் தமிழ்நாட்டில் ஏராளம்! கணவனை இழந்து, தான் சூடாத பூவைப் பிறருக்குத் தொடுத்துக் கொடுத்தே குடும்பத்தைக் கரை சேர்த்தவர்களும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டாம். கடை கூட வேண்டாம். ஒரு கூடை, ஈரத் துணி, வாழை நார், பழகிய விரல்கள். இவை போதும்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. அரிசி விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். துணி அடுத்த வருஷமும் விற்கும். பூ அப்படி அல்ல. காலையில் வாங்கிய மல்லிகை இரவுக்குள் பணமாக வேண்டும்!

எந்தப் பூவை வாங்குவது?

மதுரை மாட்டுத்தாவணி, சென்னை கோயம்பேடு, திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை, குமரி மாவட்டத்துத் தோவாளை. இவை பெயர் பெற்ற பூச்சந்தைகள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது மாலையில்தான் மலரும். ஆகவே இறுகிய, வெள்ளை வெளேர் என்ற மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். காலையிலேயே மலர்ந்த பூ, விற்கும் நேரத்தில் பழுத்துவிடும். தண்ணீர் தெளித்து எடை கூட்டிய பூவும் சீக்கிரம் அழுகும்.

மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்து குறையும். கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. கோடையில் பூ குவியும், விலை இறங்கும். முகூர்த்த நாளில் ஏறும், ஆடியில் விழும். எனவே பூக்காரர் கையில் எப்போதும் பஞ்சாங்கம் இருக்க வேண்டும்!

தொடுப்பதில் நாணயம்

இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ. நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. பார்க்கச் சுலபம், விரல்கள் பழகச் சில வாரம் ஆகும்.

இடைவெளி விட்டுத் தொடுத்தால் முழம் கூடும். ஆனால் வாடிக்கை குறையும். அளக்கும்போது கையை மடக்குகிறவரிடம் மறுநாள் யார் வருவார்கள்?

கணக்கைப் பாருங்கள்!

ஒரு கிலோ மல்லிகை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொடுத்தால் 30 முழம் தேறுகிறது. முழம் 30 ரூபாய் வீதம் எல்லாம் விற்றால் 900 ரூபாய். லாபம் 300.

ஐந்து முழம் தேங்கிவிட்டால்? 150 ரூபாய் போயிற்று. லாபத்தில் பாதி காணோம்!

முதலுக்குக் கடன் வாங்கியிருந்தால்? காலையில் 600 வாங்கி, மாலையில் 660 கொடுக்க வேண்டும் என்றால், கையில் மிஞ்சுவது 90 ரூபாய். பஸ் செலவும் நார் செலவும் அதில்தான். நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்தவர் யாருக்கு உழைத்தார்? வட்டிக்காரருக்கு!

நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி இவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது.

தப்பிக்க வழி

முதல் வழி உண்டியல். தினம் 20 ரூபாய் போடுங்கள். 30 நாளில் 600 ரூபாய். ஒரு நாள் முதல் சொந்தப் பணமாகிவிட்டது! அதைப் பண்டிகை வந்தாலும் தொடக் கூடாது.

இரண்டாவது வழி வங்கி. சாலையோர வியாபாரிகளுக்கான 'பிரதம மந்திரி ஸ்வநிதி' திட்டம் 2020-ல் தொடங்கியது. ஈடு கேட்பதில்லை. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் 15,000 ஆக்கப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000.

இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி, சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அவர்களை அகற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் கேட்டுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த படி

கூடையோடு நின்றுவிடாதீர்கள். கடைகளுக்குத் தினசரி சாமி படத்துக்குச் சரம் கொடுக்கலாம். அந்தப் பூ தேங்காது. கை தேறியதும் மாலை கட்டவும், மணப்பெண்ணுக்குப் பூஜடை தைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கல்யாண வேலையில் முன்பணம் கிடைக்கும். பூ வாங்க அந்தப் பணம் போதும், கடன் தேவையில்லை.

பூ ஒரு நாளில் வாடிவிடும். அதை விற்பவர் வாடக் கூடாது. சொந்த முதல் போட்டு, சரியான முழம் போட்டால் வாட வேண்டியதில்லை!