பிரிட்ஜில் தூங்கிய உல்லம் மீன்

கோவை நேரு ஸ்டேடியத்தில் அன்றைக்கு யார் யாரைத் தோளில் தூக்கினார்கள், யார் யார் அழுதார்கள் என்பதெல்லாம் பேப்பரில் வந்தாயிற்று. பேப்பரில் வராத ஒன்று என்னிடம் இருக்கிறது. 2019 மார்ச் 9, சனிக்கிழமை சாயங்காலம், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் ஈஸ்ட் பெங்கால் ரசிகரின் குவார்ட்டர்ஸுக்குள் என்ன நடந்தது தெரியுமா? எதிராளி வீட்டு சோபாவில் உட்கார்ந்து, எதிராளி வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே நம்ம ஃபுட்பால் டீம் சென்னை சிட்டி ஜெயிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இன்னும் அந்தச் சூடு ஆறவில்லை!

எனக்கு ஊர் திருவதிகை. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அந்த ரசிகர் வங்காளி, சுரங்க வேலைக்கென்று வந்து இருபது வருஷமாக நெய்வேலிக்காரர். தமிழில் திட்டுவார், வங்காளத்தில் அழுவார். அன்று நானும் சித்தப்பா மகனும் பைக்கில் கிளம்பினோம். பண்ருட்டி தாண்டி, காடாம்புலியூர் வழியாக டவுன்ஷிப் ஆர்ச் வரும்வரை அவன் மடியில் ஒரு பலாப்பிஞ்சு. எங்கள் பக்கம் மார்ச்சில் மரமெல்லாம் பிஞ்சு தொங்கும். நமக்குப் பலா என்றால் பழம். வங்காளிகளுக்கோ காய் மேல்தான் உயிர். ஏஞ்சோர் என்பார்கள்; மரத்தில் காய்க்கிற ஆடு என்று செல்லப்பேர் வேறு. ஒப்பந்தம் சுலபம்: சென்னை சிட்டி கோட்டை விட்டால் காயை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புவோம். ஜெயித்தால் அதைச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அந்த ஹாலின் உஷ்ணம் புரியும். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. நாம் கோவையில் மினர்வா பஞ்சாபுடன், அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன், இரண்டும் ஒரே நேரத்தில். அதற்கு முந்தைய வருஷம் 10 அணிகளில் 8ஆவதாக வந்த டீம் நம்முடையது. அந்த டீமைச் சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ் கையில் எடுத்தார். ஸ்பெயினிலிருந்து பெரிதாக யாருக்கும் பேர் தெரியாத நாலு பேரைக் கொண்டுவந்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம பிள்ளைகளைக் கூடச் சேர்த்தார்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் அடித்த கோல் 21. பட்டத்துக்கு எதிரே நிற்கிற ஈஸ்ட் பெங்காலோ 1920இல் பிறந்த கிளப், நூறாவது வருஷத்து வாசலில் நிற்கிற கிளப்.

இப்போது உள்ளே வாருங்கள். டிவி மேல் சிவப்பும் தங்கமஞ்சளும் கலந்த கொடி. ஸ்டாண்டில் ஃபோன், அதில் கோழிக்கோடு. டிவியில் கோவை. போன மேட்ச் ஜெயித்தபோது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேயேதான் இன்றைக்கும் உட்கார வேண்டும் என்று அண்ணன் உத்தரவு. ஒன்பதாவது படிக்கிற மகள் தரையில், கணக்கு நோட்டோடு. அண்ணிக்கு இடம் சமையலறை வாசல். நாங்கள் இரண்டு பேரும் போன மேட்சுக்கு வரவே இல்லை என்பதால் எங்களுக்கு இடமே கிடையாது! கடைசியில் ஷூ ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சோபாவைத் தள்ளிப் போட்டார். "இந்தப் பக்கம் சத்தம் வரக்கூடாது தம்பி" என்றார்.

தண்ணீர் எடுக்கப் போன சாக்கில் நான் பிரிட்ஜைத் திறந்தேன். அங்கேதான் கண்டேன் அந்த ரகசியத்தை. வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு, முழுசாக ஒரு உல்லம் மீன்! வங்காளத்து இலிஷ். சென்னையிலிருந்து வந்த யாரிடமோ சொல்லி ஐஸில் வைத்து வரவழைத்திருக்கிறார். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால். அது மார்க்கெட்டுக்கே தெரிந்த சட்டம். மனுஷன் ஜெயிப்பதற்கு முன்னாலேயே விருந்தை வாங்கி வைத்துவிட்டார். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். அப்புறம் அதைவிடப் பெரிய ரகசியத்தைக் காதோடு சொன்னார்: "எங்க அப்பா வீடு மோகன் பகான்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் வந்தேன்."

மூன்றாவது நிமிஷம். மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல். அண்ணன் சத்தமே போடவில்லை, கண்ணை மூடிக் கொடியைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குக் கையெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. இடைவேளை வரை அப்படியே. கோழிக்கோட்டில் கோலே இல்லை. அப்போது மகள் நோட்டைத் தூக்கிக் காட்டினாள்: "ரெண்டு பேருக்கும் 40 வருதுப்பா." அண்ணன் முகம் மலர்ந்தது. "ஆனா நேருக்கு நேர் ஆட்டத்தைப் பார்ப்பாங்களாம். ரெண்டு தடவையும் அவங்கதான் ஜெயிச்சாங்க." அந்த மலர்ச்சி போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கல்கத்தாவிலும் 2-1, கோவையிலும் 2-1. தோற்றுக்கொண்டிருக்கும்போதே சாம்பியன் நாமா? இருந்தாலும் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டால் எல்லாம் தலைகீழ். அந்தப் பதினைந்து நிமிஷம் யாரும் டீயைத் தொடவில்லை.

பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்கப்புறம் கௌரவ் போரா என்கிற தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது தன் வேலையே இல்லாத ஒருவர், ஒன்றைப் போட்டார். நாங்கள் சத்தம் போடாமல் குதித்தோம். வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். ஃபோனிலோ கோகுலம் முந்திக்கொண்டது. அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவர் பால்கனியில் இருக்கும்போதுதான் ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது. "அங்கேயே நில்லுங்க!" என்று மகள் கத்தினாள். நின்றார். லால்டன்மாவியா ரால்டே இரண்டாவதையும் போட்டுவிட்டார். ஜன்னல் கம்பி வழியே ஃபோனைப் பார்த்தபடி, கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே வராமலேயே நின்ற அந்த உருவம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். இனி மினர்வா ஒரு கோல் போட வேண்டும், அவ்வளவுதான்.

கூடுதல் நேரத்தில் கோல் வந்தது. போட்டது போரா. 3-1.

திருவதிகைக்காரனுக்கு மூன்று என்றால் வேறு கணக்கு. எங்கள் வீரட்டானேசுவரர் முப்புரத்தை எரித்தது அம்பாலோ வில்லாலோ இல்லை, ஒரு சிரிப்பால். சித்தப்பா மகன் அதைச் சொல்லித்தான் கத்தினான். "மூணு கோட்டைடா! மூணும் போச்சுடா!" கீழ்வீட்டுக்காரர்கள் ஏதோ விசேஷமா என்று மேலே வந்து பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் ஐ-லீகை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. விசேஷம் இல்லாமல் வேறென்ன!

சமாதானங்கள் பிறகுதான் ஆரம்பித்தன. ஊர்ப் பெருமைக்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்தச் சமாதானங்களின் அழகுக்காகவும்தான் எழுதுகிறேன். முதலில், "மினர்வாவுக்கு ஆடறதுக்கு என்ன இருக்கு? டேபிள்ல கீழே கிடக்கற டீம்." போன வருஷ சாம்பியன் அவர்கள்தான், மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டார்கள் என்றேன். சரி, "உங்க முதல் கோல் பெனால்டி." உங்களுடையதும் பெனால்டிதான் என்று மகள் போட்டு உடைத்தாள். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் பெரிய அஸ்திரம் ஒன்றை எடுத்தார். "பேரு சென்னை. கிரவுண்டு கோயம்புத்தூர். கோல் போடறது ஸ்பெயின்காரன். திருவதிகைக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலின் கோச் ஸ்பெயின்காரர், சமன் செய்த ஹைமே சாண்டோஸும் ஸ்பெயின்காரர். அதெல்லாம் போகட்டும். அண்ணனின் தாத்தா கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு கல்கத்தாவுக்கு வந்தவர். விட்டுவந்த ஊரின் பெயர் ஒரு ஃபுட்பால் கிளப்பில் இருந்ததால் அந்தக் கிளப்பே அவருக்கு ஊராயிற்று. அந்தப் பேரன் பழுப்பு நிலக்கரி தோண்ட நெய்வேலிக்கு வந்து, இங்கே ஒரு பால்கனியில் நின்று அழுகிறார். சம்பந்தம் எப்படி உண்டாகிறது என்று அவருக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? தானே கொஞ்ச நேரத்தில் அந்த அஸ்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு பாயிண்ட்" என்றார் கடைசியாக. 43க்கும் 42க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றை விரலில் காட்டினார். அதற்கு முன்னால் ஈஸ்ட் பெங்கால் கடைசியாகத் தேசிய லீகை ஜெயித்தது 2003-04இல். மகள் அதற்கப்புறம் பிறந்தவள். அவளுக்கு ஒரு கோப்பையைக் காட்ட வேண்டும் என்று அவர் வருஷா வருஷம் கொடியை இஸ்திரி போடுகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

சமையலறையில் பலாக்காயை நறுக்கும் சத்தம் எப்போதோ தொடங்கியிருந்தது. அண்ணி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பாலை ஒதுக்கி, சதுரம் சதுரமாகப் போட்டிருந்தார். கடுகெண்ணெய் வாசனை ஹால் வரை வந்தது. இரவு ஒன்பதரைக்குச் சோறு. உல்லம் வெளியே வரவில்லை. அதைத் தொடக்கூடாது, அடுத்த சீசனுக்கு இருக்கட்டும் என்றார் அண்ணன், உல்லம் ஒரு வருஷம் தாங்குமா என்று யோசிக்காமலேயே.

அண்ணி முதலில் அவர் தட்டில்தான் பரிமாறினார். சிவக்கச் சிவக்க மசாலாவில் பலாக்காய், மெத்தென்று, நார் நாராக. அண்ணன் ஒரு வாய் எடுத்துவைத்தார். மென்றார். நிறுத்தினார். குழம்பை விரலால் விலக்கிப் பார்த்தார். துண்டுகளுக்கு நடுவே சுருண்டு சுருண்டு, கடலூர் முதுநகரில் அன்று காலையில் வாங்கிய இறால்!

"பலாக்காய்க்கு இதுதான் பொருத்தம்" என்று அண்ணி எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். மகள் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார்.