பாலை பழுக்கும் காலத்தில் வில்பத்து

முசலிப் பகுதியிலுள்ளோர்க்கு வில்பத்து அண்டை வீடு போன்றது. ஆயினும், காட்டருகே வாழ்ந்தும் காட்டை அறியாத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல, போர் ஓய்ந்த பின்னரே ஊர் மீண்டன. வில்பத்தும் 1988 முதல் 2003 வரையும், 2006இன் பின் மேலும் சில ஆண்டுகளும் மூடப்பட்டே கிடந்தது. பாட்டனார் அறிந்த காட்டைப் பேரன் படத்திலே காண்கின்றான்! இவ்விடுமுறையில் அவனை அழைத்துச் செல்லக் கருதும் பெற்றோர்க்குச் சில சொற்கள் கூறுவோம்.

முதலிற் காலத்தைத் தேர்க. மாரியில் எங்கும் நீர் நிறைந்திருத்தலால் விலங்குகள் சிதறித் திரியும். கோடையிலோ, 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளை நாடி மானும் மரையும் எருமையும் வந்து கூடும். ஆனி, ஆடி மாதங்களில் பாலை மரங்கள் பழுத்திருக்கும். நாம் விரும்பியுண்ணும் அதே பாலைப்பழத்துக்காகக் கரடியும் மரமேறும். கரடியைக் காண விழைவோர்க்கு இதனினும் ஏற்ற பருவம் வேறில்லை.

1938இல் தேசிய வனமான இக்காடு ஏறத்தாழ 1,317 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. அதன் முதன்மை வாயில் ஹுனுவிலகமவில் உள்ளது. சிலாவத்துறையிலிருந்து முருங்கன், மதவாச்சி வழியாகச் சுற்றியே அங்குச் செல்லலாகும். முதல்நாள் அனுராதபுரத்தில் தங்கி, விடியுமுன் புறப்படுதல் நன்று; காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கப்படும். வனத்துள் தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்னதாகவே விடுதி பதிந்துகொள்ள வேண்டும். உள்ளே கடைகள் இல்லை. நீரும் கட்டுச்சோறும் கொண்டுசெல்க. வெற்றுப் பொட்டலங்களைத் திரும்பக் கொணர்க. பளபளக்கும் ஆடை வேண்டா. தொலைநோக்கி ஒன்றை இரவல் பெற்றேனும் எடுத்துச் செல்க.

இவை யாவும் எளியனவே. பிள்ளைகளுக்கு மௌனத்தைப் பழக்குவதே அரிது! சிறுத்தையைக் கண்டே தீருவோமென்று சாரதியை நெருக்கும் பெரியோரை என்னென்பது? ஒரு வண்டி கண்டதாகச் செய்தி வந்தவுடன் மற்றவை புழுதியெழுப்பி விரைகின்றன. சிறுத்தையோ புதருள் மறைந்துவிடுகின்றது. ஒரு வில்லின் கரையில் அரைமணி நேரம் வண்டியை நிறுத்திக் காத்திருப்போர் பலவற்றைக் காண்பர். அனுமதியற்ற இடத்தில் எவரும் இறங்கலாகாது. கரடிக்குக் கண்பார்வை மந்தம். அண்மையில் ஆளைக் கண்டு திடுக்கிட்டால் பாய்ந்துவிடும்.

புறப்படுமுன் வீட்டு முதியவரிடம் பிள்ளைகளை ஓர் இரவு அமரச் செய்யுங்கள். பாலை, வீரை, முதிரை எனும் மரங்களையும், மான் தடம் மரைத் தடம் எனும் வேறுபாட்டையும் அவர் சொல்லக் கேட்கட்டும். வண்டியில் ஓரிடம் மிகுமாயின், அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.