மீன் எங்கே நிற்கும்? பனி ஏரி முதல் மாஹிம் கழிமுகம் வரை



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கத்து நண்பர் கடைக்கு வந்தபோது, "இந்த வருஷம் மீனைப் பத்தி எழுதப் போறேன்" என்றேன். "நயினார், நீங்களா?" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். குடிக்கும் தண்ணீரையே துணியில் வடிகட்டும் வீடு. பொழுது சாய்ந்தால் அடுப்பு கிடையாது. தாராவியில் பாத்திரக் கடை, செம்பூரில் குடித்தனம், மாட்டுங்காவில் பழைய புத்தக வேட்டை என்று காலம் ஓடிவிட்டது. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படித்ததெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால்தான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் கனடாவில் இருக்கும் என் பேரன். வயது பதின்மூன்று. போன தை மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "தாத்தா, இங்க ஏரி முழுக்கப் பனிக்கட்டி. பிரெண்டோட அப்பா ஓட்டை போட்டு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறாரு. இவ்ளோ பெரிய ஏரியில மீன் எங்க நிக்கும்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பழைய நினைவு ஒன்று சுருக்கென்றது. இவனுடைய அப்பன் சிறுவனாக இருந்தபோது மாஹிம் பக்கம் கூட்டிப் போயிருந்தேன். கோலி மக்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, தண்ணிக்குள்ள மீன் இருக்கிற இடம் இவங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டான். "அது நமக்கு வேண்டாத விஷயம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் அதிகம் கேள்வி கேட்டதில்லை. கொல்லாமை நோன்புதான், அறியாமையும் நோன்பு என்று எந்த முனிவரும் சொல்லவில்லையே! ஆகவே இந்த முறை "நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன்.

தண்ணீரின் தனிக் குணம்

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். தண்ணீர் 4 பாகை செல்சியஸ் வரைதான் அந்த நியாயத்துக்குக் கட்டுப்படும். அதற்கும் கீழே குளிர்ந்தால் விரிந்து லேசாகிவிடும். ஆகவே குளிர்காலத்தில் 4 பாகைத் தண்ணீர் ஏரியின் அடியில் தங்கும். பூச்சியப் பாகைக்கு நெருங்கிய தண்ணீர் மேலே வந்து உறையும். உறைந்த பனிக்கட்டி இன்னும் லேசு, அதனால் மிதக்கிறது. இந்தக் குணம் இல்லாவிட்டால் ஏரி அடியிலிருந்து உறைந்து வரும். மீன் ஒன்றுகூட மிஞ்சாது. மேலே இருக்கும் பனிக்கட்டி மீனுக்குக் கூரை, கம்பளி இரண்டும்தான்.

அங்கே அவர்கள் தேடுவது 'லேக் டிரவுட்' என்னும் ஏரி டிரவுட். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆழமான குளிர்ந்த ஏரிகளில் வாழ்வது. சுமார் 10 பாகைத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடுவதால் ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் மேலும் குளிர், கீழும் குளிர். அதற்குத் தடை நீங்கிவிடுகிறது. ஆழம் குறைந்த இடத்திலும் திரியும், ஆழத்திலும் திரியும். ஆகவே கோடையைவிடக் குளிர்காலத்தில் அது எங்கே நிற்கும் என்று சொல்வது கடினம். பேரன் கேட்டது சரியான கேள்விதான்!

ஏரியின் தரையைப் படிப்பது

தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஏரியின் ஆழ வரைபடம். கரையிலிருந்து நீண்டு தண்ணீருக்குள் இறங்கும் மூக்கு, நடு ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மேடு, மேட்டிலிருந்து திடீரென்று பள்ளமாகும் சரிவு ஆகிய மூன்றும் முக்கியம். டிரவுட்டின் இரை சிறுமீன் கூட்டம். அந்தக் கூட்டத்தைச் சரிவின்மேல் ஒதுக்கிப் பிடிப்பது டிரவுட்டுக்குச் சுலபம். நம் கடைத்தெருவில் வியாபாரி கூட்டம் திரும்பும் முனையில் கடை போடுவதில்லையா, அதே கணக்கு.

காலமும் உண்டு. இலையுதிர் காலத்தில் பாறை மேடுகளில் முட்டையிடுவதால், பனி உறைந்த முதல் வாரங்களில் அந்த மேடுகளை ஒட்டியே பல மீன்கள் இருக்கும். நடுக்குளிரில் ஆழப் பக்கம் நகரும். பொழுது விடியும் நேரமும் சாயும் நேரமும் அது இரை தேடும் நேரம். ஓரிடத்தில் துளையிட்டு நாள் முழுக்க உட்காராமல், மேட்டின் உச்சி, சரிவு, அடிப்பள்ளம் என்று வரிசையாகத் துளையிட்டுப் பார்ப்பார்கள். இப்போது ஒலியலை அனுப்பி மீனைக் காட்டும் சோனார் கருவியும் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் காலே வைக்கக் கூடாது; 15 இருந்தால் நல்லது. வெள்ளையாக, பால்போல இருக்கும் கட்டிக்குப் பலம் பாதிதான். ஓடை வந்து விழும் இடத்தில் மீன் கூடும். நீரோட்டத்தால் பனி மெலிவதும் அங்கேதான். ஆசை இழுக்கும் இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. இது ஏரிக்கு மட்டும் பொருந்தும் வாக்கு அல்ல.

டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ என்றொரு ஏரி. பனிக்காலத் தூண்டிலுக்குப் பேர்போனது. வயலிலும் ஊரிலும் இருந்து பாஸ்பரஸ் வந்து சேர்ந்ததால் பாசி மண்டியது. பாசி செத்து அடியில் அழுகி, ஆழத்துத் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. டிரவுட்டால் இயற்கையாக இனம் பெருக்க முடியவில்லை. 1960களிலிருந்து குஞ்சு வளர்த்து விட்டுக் காப்பாற்றினார்கள். 2008இல் அந்த ஏரியைக் காக்கவே தனிச் சட்டம் இயற்றினார்கள். மீன் நிற்கும் இடம் என்பது குளிரும் காற்றும் சேர்ந்து நிற்கும் இடம். ஒன்று போனாலும் மீன் போயிற்று.

நம் நீலகிரியிலும்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேயர் நீலகிரிக்கே டிரவுட்டைக் கொண்டுவந்தார்கள். 1860களில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் முயன்றார், கைகூடவில்லை. பிறகு எச். சி. வில்சன் முயற்சியில் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கே நிலைத்தது 'ரெயின்போ டிரவுட்', வேறு இனம். நம் மலையில் ஏரி உறைவதில்லை. மார்கழி, தையில் புல்லில் உறைபனி படியும், அவ்வளவுதான். ஆனால் உயரத்தால் தண்ணீர் 20 பாகைக்குள் அடங்கியிருக்கிறது. அது போதும் அந்த மீனுக்கு. இன்னொரு வேடிக்கை: அவலாஞ்சி, எமரால்டு அணைகள் அடங்கிய குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்தது. என் பேரன் குடியேறிய நாடு நம் மலைக்கு முன்பே வந்து போயிருக்கிறது.

வரைபடம் இல்லாத வரைபடம்

சோனார் வருவதற்கு முன்பே நம் கடலோர மக்கள் கடலடியைப் படித்திருந்தார்கள். கடலுக்குள் மூழ்கிய பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே முத்துச்சிப்பி கிடந்த தொல்லாயிரம் பார் பழைய பெயர். பாரை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் தெரியும் கோபுரத்தையும் அதன் பின்னே தெரியும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை அப்படியே ஒரு கோட்டில் வைப்பார்கள். இரு கோடும் வெட்டுகிற இடம் பார். திருவனந்தபுரம் கடற்கரையில் இதைக் 'கணிச்சம்' என்கிறார்கள். தகப்பன் மகனுக்கு வாயால் சொல்லித் தந்த வரைபடம் இது. மகன் கேட்காவிட்டால், தகப்பன் சொல்லாவிட்டால், அன்றோடு முடிந்தது.

நம் தாராவியே முதலில் மீனவர் ஊர்தான். 1909ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியர் பெரிய கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. கோலி மக்களின் 'டோல்' வலை மீனைத் துரத்துவதில்லை. பை போன்ற வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிரே கட்டி நிறுத்துவார்கள். ஓட்டமே மீனைக் கொண்டு சேர்க்கும். நம்மவர் வங்கரவாசி என்றும் இவர்கள் பொம்பில் என்றும் சொல்லும் மீன் அப்படி விழுவதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகம். அதை 'உதாண்' என்பார்கள். இடையில் ஓட்டம் தளர்வது 'பாங்'. இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானமில்லை. கோலிப் பெண்கள் என் கடைக்கு எவர்சில்வர் குடம் வாங்க வரும் நாளைக் கவனித்துக் கற்றது! உதாண் முடிந்தால் கையில் காசு. பின்னாளில் மித்தி ஆற்றில் ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் நிறைந்து, தாராவிக்காரர்களின் மீன் தொழில் நசிந்தது. சிம்கோவில் நடந்ததேதான், ஆனால் இங்கே குஞ்சு கொண்டுவந்து விட ஆளில்லை.

பேரனுக்குச் சொன்னது

மறுநாள் இவ்வளவையும் அவனுக்குச் சொன்னேன். கடைசியில் இரண்டு சேர்த்தேன். ஏரி டிரவுட் மெதுவாக வளர்வது. 20 ஆண்டுக்கு மேலும் வாழும். "நீ தூக்குற மீன் உன்னைவிட மூத்ததா இருக்கலாம் கண்ணு" என்றேன். பிறகு எங்கள் மரபில் வரும் மிருகசேனன் கதை. அவன் மீனவன். வலையில் விழும் முதல் மீனைக் கொல்வதில்லை என்று ஒரு முனிவரிடம் விரதம் எடுத்தான். அடையாளம் கட்டி விட்ட அதே மீன் ஐந்து முறை வலையில் விழுந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பினான். அந்த ஒரு விரதமே மறுபிறவியில் அவனைச் சாவிலிருந்து பலமுறை காத்தது என்பது கதை.

"அப்ப நான் போகக் கூடாதா தாத்தா?"

"போ. பனியோட கனத்தைப் பார்த்துக் கால் வை. மீன் எங்க நிக்கும்னு உனக்கு இப்பத் தெரியும். தூண்டிலைப் போடறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு."

போய் வந்தான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு என் மகன் கூப்பிட்டான். "அப்பா, நீங்க சொன்னதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னான். மாஹிம்ல நான் கேட்டதுக்கு இப்பதான் பதில் கிடைச்சுது" என்றான்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நம் வழக்கத்துக்கு ஒவ்வாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து படியுங்கள். நம் நெறியையும் கூடவே சொல்லுங்கள். பதில் சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.