பாங்கு நேரமும் விளையாட்டு நேரமும்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றவர் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த, அப்போது 17 வயதான காசிமா. தந்தை மெஹபூப் பாஷா ஆட்டோ ஓட்டுபவர். கேரம் என்றாலே தெருமுனைக் கும்பல், நேர விரயம் என்று முகம் சுளிக்கும் பெற்றோர் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்றும் உண்டு. அதற்காக, பிள்ளையை இஷ்டப்படி விட்டால் போதும் என்று இந்த வெற்றிக்குப் பொருள் கொள்ள வேண்டாம். அன்றாடப் பயிற்சி இல்லாமல் யாரும் அந்த இடத்துக்குப் போக முடியாது.

கட்டுப்பாட்டையும் சுதந்திரத்தையும் மார்க்கம் எப்படிச் சேர்க்கிறது என்பதைத் தொழுகைக் கட்டளையிலேயே பார்க்கலாம். பிள்ளைகளை ஏழு வயதில் தொழ ஏவுமாறும், பத்து வயதில் தொழாவிட்டால் கண்டிக்குமாறும் கூறும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. பலருக்குப் பத்தாம் வயது மட்டுமே நினைவிருக்கிறது. இடையிலுள்ள மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் 5,000 தடவைக்கும் மேல் வருகிறது. அத்தனை முறை அன்பாக அழைத்த பிறகே கண்டிப்பு. அதுவும் காயப்படுத்தாத கண்டிப்பு என்றே உலமாக்கள் விளக்குகிறார்கள். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எச்சரிக்கிறார்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஷிப்ட் வேலை. அத்தா வீட்டிலிருக்கும் வாரம் சட்டம், நைட் ஷிப்ட் வாரம் விடுதலை என்றால், பிள்ளை அத்தாவின் ஷிப்ட் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்யும். சட்டத்தைப் பாங்கோடு கட்டிவிடுங்கள். மஃரிப் பாங்குக்குள் வீடு; இஷாவுக்குப் பின் செல்போன் இல்லை. வீட்டில் யார் இருந்தாலும் இதுவே. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கேரமா, கால்பந்தா, சும்மா உட்கார்ந்திருப்பதா என்பது பிள்ளையின் முடிவு.

கன்டெய்னர் லாரி ஓடும் சாலைக்குப் போகக் கூடாது என்பது வேறு வகை. 2024 அக்டோபரில் திருவொற்றியூர் பள்ளியொன்றில் வாயு நெடியால் மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட பிறகு, பிள்ளைகளை வெளியே அனுப்பவே அஞ்சும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதைப் பிள்ளையின் குற்றம்போல் அதட்டலாகக் கொட்டாதீர்கள். "ரோட்டில் லாரி வருது, எனக்குப் பயமா இருக்கு" என்று காரணத்தைச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். பத்து வயதுப் பிள்ளை, எந்தத் தெரு வழியாகப் போனால் ஆபத்தில்லை என்று உங்களுக்கே சொல்லும்.