சிற்றுருவமும் மெய்யுருவமும்

பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, விமானங்களின் சிற்றுருவங்களைச் செய்வது இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு கலை. சிறுவர் விளையாட்டாக அதனைக் கருதுவோர் உண்டு. ஆயினும், அளவு பிறழாமல் செய்யப்பட்ட சிற்றுருவம் வரலாற்று ஏட்டின் ஒரு பக்கத்துக்கு ஈடாகும். அந்தப் பக்கத்தில் பிழை நேர்ந்திருந்தால் அதனைத் திருத்துவது எவ்வாறு என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். சான்றாக ஒரே ஒரு ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ‘நாட்’. கொசுவை ஒத்த ஒரு சிறு பூச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது.

போர் விமானங்கள் நாளுக்கு நாள் கனத்தும் விலை ஏறியும் வந்த காலத்தில், சிறியதும் எளியதுமான விமானமே வேண்டும் என்று கருதிய டெடி பெட்டர் என்னும் பொறியாளர், பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனத்தில் இதனை வகுத்தார். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் விமானப் படையோ, அதனை நீட்டி அகலப்படுத்திய ஈரிருக்கைப் பயிற்சி விமானத்தையே பெரிதும் ஏற்றது. ஓரிருக்கைப் போர் விமானத்தை விரும்பி ஏற்றது நமது நாடு. பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உரிமம் பெற்று அதனைக் கட்டியது. 1965, 1971 ஆகிய இரு போர்களிலும் அது களம் கண்டது.

பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘சிவப்பு அம்புகள்’ என்னும் பிரிட்டிஷ் சாகசக் குழுவினர் 1965 முதல் 1979 வரை பறந்தது பயிற்சி விமானத்தில். அதனால் புகழ் பெற்ற அவ்வடிவத்தையே ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சிற்றுருவப் பெட்டியாக வெளியிட்டது. பின்னாளில் ஓரிருக்கை விமானத்துக்கும் பெட்டி வந்தது. ஆயினும் பழைய பயிற்சி விமானத்தின் மேல் நமது மூவண்ண வட்டத்தை ஒட்டி, ‘இந்தியப் போர் விமானம்’ என்று வைத்திருப்போர் பலர்.

நான் வாழும் சேக்காடு, ஆவடியை அடுத்த ஊர். டாங்கித் தொழிற்சாலையும் விமானப் படை நிலையமும் ஆவடியில் இருப்பதால், படைக்கலங்களைப் பற்றிய பேச்சு எங்கள் தெருக்களுக்குப் புதிதன்று. அப்பகுதிப் பள்ளி ஒன்றின் அலமாரியில், ‘பரம வீர சக்கரம் பெற்ற சேகோன் செலுத்திய விமானம்’ என்ற குறிப்புடன் அத்தகைய ஈரிருக்கை உருவம் ஒன்று இருந்தது. “பின்னிருக்கையில் இருந்தவர் பெயர் என்ன?” என்று ஒரு மாணவி கேட்டாளாம். அதன் பிறகே அது திருத்தத்துக்காக என்னிடம் வந்தது.

அவள் கேட்டது பெரிய கேள்வி. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், ஸ்ரீநகர் விமான நிலையத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டு விழும் ஓடுபாதையிலிருந்தே நிர்மல் ஜித் சிங் சேகோன் மேலெழுந்தார். தனித்து நின்று பொருதார். அங்கேயே உயிர் நீத்தார். இந்திய விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவருடன் பின்னிருக்கையில் எவரும் இருந்ததில்லை. அவருடைய விமானத்தில் பின்னிருக்கையே இல்லை. இல்லாத ஓர் இருக்கை, இருந்த ஒரு தனிமையை மறைத்துவிடுகிறது அல்லவா?

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். சிற்றுருவத்தின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆறடிக்கு ஓர் அங்குலம். பயிற்சி விமானத்தின் நீளம் 31 அடி 9 அங்குலம். போர் விமானத்தின் நீளம் 28 அடி 8 அங்குலம். சிற்றுருவத்தில் இந்த வேறுபாடு 13 மில்லிமீட்டர். அதனை ஒரே இடத்தில் வெட்டி எடுத்தல் ஆகாது. அளவு வரைபடத்தை அருகில் விரித்து, உடற்பகுதியை அதன் மேல் வைத்து, எங்கெங்கு மிகுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே வாளை எடுக்கவேண்டும்.

சிறகின் அகலவீச்சு 24 அடியிலிருந்து 22 அடி 1 அங்குலமாகக் குறையவேண்டும். பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர். நுனியை நறுக்கினால் போதும் என்று எண்ணவேண்டா. பயிற்சி விமானத்தின் சிறகுப் பரப்பு 175 சதுர அடி; போர் விமானத்தினுடையது ஏறத்தாழ 137 சதுர அடிதான். ஆகவே முன்பின் அகலத்தையும் அராவிக் குறைத்தாகவேண்டும். வால் பகுதியும் அவ்வாறே.

இரட்டை இருக்கைக் கூண்டை அகற்றிய இடத்துக்குப் புதிய மூடி வேண்டும். அதன் வடிவை மரத்தில் செதுக்கி, ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கி, மரத்தின் மேல் இழுத்துப் படிய வைத்தால் மூடி கிடைத்துவிடும். பயிற்சி விமானத்தில் இல்லாத பீரங்கிகள் இரண்டு, 30 மில்லிமீட்டர் வாயுடையவை, காற்று புகும் வாயில்களின் இரு புறமும் அமையவேண்டும்.

தகட்டு இணைப்புகளைக் காட்டும் மேடான கோடுகளையும் தேய்த்துவிடுதல் நலம். அரை மில்லிமீட்டர் வரப்பு, உண்மை விமானத்தில் 36 மில்லிமீட்டர் உயரமாகும். அத்தகைய வரப்புகளோடு எந்த ஜெட் பறக்கும்? அவற்றை நீக்கி, ஊசி முனையால் மெல்லிய கோடு கீறினால் போதும். வண்ணமோ காலத்துக்குக் காலம் மாறியது. எனவே எந்த ஆண்டின் விமானம் என்று முடிவு செய்து, அவ்வாண்டின் நிழற்படத்தைப் பார்த்துத் தீட்டுக. டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நாட் விமானத்தை நேரிலும் காணலாம்.

இவ்வளவு உழைப்பும் சில மில்லிமீட்டர்களுக்காகவா என்று நேயர்கள் கேட்கலாம். சேபரின் சிறகுவீச்சு ஏறத்தாழ 37 அடி. நாட் விமானத்தினுடையது 22 அடி. பகைவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறுமையே அதற்குக் கவசம்; விரைந்து திரும்பும் ஆற்றலே அதன் வலிமை. அதன் உருவத்தைப் பெருக்கிக் காட்டினால், அதன் பெருமையைச் சுருக்கியவர் ஆவோம். அப்பள்ளிக்குத் திரும்பிச் சென்ற விமானம் முன்னதைவிடச் சிறியது. அதனுள் ஓர் இருக்கைதான் உண்டு. இனி அதனைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: “ஒருவரா ஆறு பேரை எதிர்த்தார்?” அக்கேள்விக்கு, ஆம் என்று ஆசிரியர் விடை சொல்லலாம்.