கங்காணி: ஆங்கிலம் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல்

மாணவர்களே, இலங்கைப் பெருந்தோட்ட வரலாறு பற்றிய ஆங்கில நூல்களில் 'கங்கானி' என்றொரு சொல் வரும். ஆங்கிலேயருக்கே அகராதி தேவைப்படும் இச்சொல், நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களில் நீங்கள் நாளாந்தம் கேட்கும் 'கங்காணி'தான்.

இதன் மூலம் கண் + காணி = கண்காணி என்பதாகும். கண்ணாற் பார்த்து மேற்பார்வை செய்பவர் என்பது பொருள். 'கண்காணிப்பு' என்பதும் இதனோடு உறவுடையதே. பேச்சில் ண் என்பது அடுத்துவரும் ககரத்தின் இன எழுத்தாகிய ங் ஆயிற்று. ஆங்கிலத்துக்குச் சென்றது இவ்வடிவமே.

ஆயினும், வினாவுக்கு 'மேற்பார்வையாளர்' என்று மட்டும் விடை எழுதி நிறுத்த வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவரும் கங்காணியே. வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. ஆங்கில நூல்களில் இச்சொல் ஆள்சேர்ப்பவரையும் கடன்கொடுத்தவரையும் சேர்த்தே குறிக்கும். மலாயாவிலும் 'கங்காணி முறை' என்றே வழங்கிற்று.

'துண்டு' என்பதும் அவ்வாறே ஆங்கிலத்தில் நுழைந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுத்த கடதாசியே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் மட்டும் தொழிலாளியோடு கூடவே செல்லும். இம்முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இன்றைய கங்காணி மலையில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்வை செய்பவர். ஆட்களைக் கடல் கடந்து அழைத்து வருபவர் அல்லர். ஆங்கில வரலாற்று நூல்களில் அப்பழைய பொருள் இன்னும் இருக்கிறது.