மியூசிக் சர்வருக்கு இவ்வளவு விலை தர வேண்டுமா?

அலமாரியில் தூங்கும் பாட்டு சிடிக்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆடியோ கடையில் விசாரித்தால், "இதற்கென்றே மியூசிக் சர்வர் இருக்கிறதே" என்று அழகான கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டுவார்கள். விலையைக் கேட்டால் நம் கம்ப்யூட்டரே மலிவாகத் தெரியும்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மியூசிக் சர்வரும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசசர், மெமரி, பாடல்களைத் தேடித் தரும் சாப்ட்வேர், நெட்வொர்க் இணைப்பு எல்லாம் அதிலும் உண்டு. மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. உங்கள் போன்தான் ரிமோட். பெரும்பாலும் மின்விசிறி இல்லாமல் வருவதால் சத்தமே இருக்காது.

ரூன் என்னும் சாப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். இசைப் பிரியர்களிடையே பெயர் பெற்றது. 2023ல் இதனை ஹார்மன் நிறுவனம் வாங்கியது. ரூனுக்கென்றே தயாரான நியூக்ளியஸ் சர்வர்களில் 2024ல் இரண்டு மாடல்கள் வந்தன. ஒன்றின் அறிமுக விலை 499 டாலர். மற்றொன்றுக்கு 3,699 டாலர். இரண்டிலும் ஓடுவது ஒரே சாப்ட்வேர். விலை கூடியதில் வேகமான பிராசசர் இருக்கிறது. மிகப் பெரிய பாடல் தொகுப்பையும், ஒரே நேரத்தில் பல அறைகளையும் சமாளிக்கும். சரி, உங்களிடம் எத்தனை சிடி இருக்கிறது? எத்தனை அறைகளில் பாட்டு கேட்கப் போகிறீர்கள்? இது தவிர, சாப்ட்வேருக்கான சந்தா இரண்டுக்குமே தனி. அதே சாப்ட்வேரை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்துவிடலாம்!

"ஆனால் ஒலித்தரம்?" என்று கேட்பீர்கள். ஆடியோ சிடியில் இருப்பது எண்கள். ஒரு விநாடிக்கு 44,100 முறை, இரண்டு சேனல்களுக்கும் 16 பிட் அளவில் பதிந்த எண்கள். இவற்றைச் சேமித்து, ஒன்றுகூட மாறாமல் அனுப்புவதே சர்வரின் வேலை. வங்கிக் கணக்கு விவரத்தைப் பிழையின்றி அனுப்பும் அதே நெட்வொர்க் பாட்டையும் அப்படியே அனுப்பும். ஒலித்தரம் மாறுவது அதற்குப் பிறகு. எண்களை மின் அலைகளாக மாற்றும் டி.ஏ.சி. என்னும் கருவி, ஆம்ப்ளிபையர், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பீக்கரும் அறையும்தான் காரணம். என்னைக் கேட்டால், சர்வரில் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் காதில் தெரியும்.

இடம் பற்றியும் கவலை வேண்டாம். ஒரு மணி நேர சிடி சுமார் 635 எம்பி. தரம் சிறிதும் குறையாத ஃபிளாக் பார்மட்டில் சுருக்கினால் பெரும்பாலும் 350 முதல் 400 எம்பி ஆகும். 300 சிடிக்கள் 120 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

மலிவான வழிகளில் எனக்குப் பிடித்தது லிரியான் மியூசிக் சர்வர். இதன் கதையே தனி. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனத்தின் இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் இது. 2006ல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012ல் ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர்களின் தயாரிப்பு நின்றது. 2024ல் அவற்றுக்கான இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆனாலும், சாப்ட்வேரைப் பயனாளர்களே தொடர்ந்து பராமரித்து வருவதால் பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. நிறுவனத்தின் தயவில் மட்டும் இயங்கும் விலை உயர்ந்த பெட்டிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. லிரியானை உங்கள் கம்ப்யூட்டரிலோ, ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரிலோ நிறுவலாம். ராஸ்பெரி பைக்கு பைகோர்பிளேயர் என்ற இலவசத் தொகுப்பு கிடைக்கிறது. ஒரு யு.எஸ்.பி. டி.ஏ.சி. சேர்த்துவிட்டால் போதும்.

அப்படியானால் விலை உயர்ந்த சர்வர் யாருக்கு? செட்டிங்ஸ் பக்கம் போகவே பிடிக்காதவர்களுக்கு. சில மாடல்களில் சிடியைச் செருகினால் போதும், அதுவே படித்துப் பெயரிட்டு அடுக்கிவிடும். ஆயிரக்கணக்கில் சிடி வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் தமிழ்ப் படப் பாடல்கள் என்றால் இங்கேயும் சிக்கல்தான். இந்தப் பெயர்கள் இணையத் தகவல் தளங்களிலிருந்து வருபவை. இளையராஜாவின் பெயரே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்படுவதால், போனில் ஒருவரே நான்கு பேராகத் தெரிவார். பாடகர் இடத்தில் இசையமைப்பாளர், ஆல்பம் இடத்தில் வெறும் டிராக் 1. எந்தச் சர்வர் வாங்கினாலும் எம்பி3டேக் போன்ற இலவச புரோகிராமில் உட்கார்ந்து நீங்கள்தான் திருத்தியாக வேண்டும்.

வேலையை இப்போதே தொடங்கலாம். புதிய கம்ப்யூட்டர்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை, யு.எஸ்.பி.யில் இணையும் டிரைவ் ஒன்று வாங்குங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரின் ஆப்ஷன்ஸில் ரிப் மியூசிக் டேபைத் திறந்து, பார்மட்டாக ஃபிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். கீறல் விழுந்த சிடிக்களுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச புரோகிராம் நல்லது. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். படம் வாரியாக போல்டர் போடுங்கள். பத்து சிடி முடிந்ததும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். சிடிக்களைப் பழைய கடையில் போட்டுவிடாதீர்கள். அவை மூன்றாவது காப்பி.